ஒற்றைப் பையோடு கோலாலம்பூர்

கோலாலம்பூரைத் தனியாகச் சுற்றிப் பார்க்க வரும் தமிழருக்கு வெளிநாட்டில் எளிதில் கிடைக்காத ஒரு வசதி கிடைக்கிறது. வழி தெரியாத இடத்தில் தாய்மொழியிலேயே வழி கேட்கலாம். முதுகில் பையை மாட்டிக்கொண்டு புவெனஸ் ஐரிஸிலோ லிமாவிலோ இறங்குபவர் முதல் நாளே நாலு ஸ்பானியச் சொற்களைக் கற்றாக வேண்டும். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பூக்கடைக்காரரிடம், "அக்கா, கந்தசாமி கோயிலுக்கு எப்படிப் போறது?" என்று கேட்டால் போதும். "நேரா போயி ஸ்காட் ரோடுன்னு கேளுங்க தம்பி, ஊர்லேர்ந்தா வந்திருக்கீங்க?" என்று பதிலும் கேள்வியும் சேர்ந்தே வரும். பல ஆண்டு கழித்தும் பயணிகளின் நினைவில் நிற்பது இந்தக் கேள்விதான். இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் ஊரை விட்டு வந்த குடும்பங்கள், வந்தவர் எந்த ஊர் என்று அறிய இன்றும் ஆவலோடு இருக்கின்றன.

பயணக் கையேடுகளில் பெரும்பாலானவை இரட்டைக் கோபுரம், பெட்டாலிங் தெரு, பத்துமலை என்ற மூன்றைக் காட்டி முடித்துவிடும். அவற்றைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் இந்த நகரம் வளர்ந்த கதை ரயில் பாதையை ஒட்டிக் கிடக்கிறது. வடக்கே பத்துமலையில் தொடங்கி, செந்தூல், பழைய ரயில் நிலையம், பிரிக்பீல்ட்ஸ் வழியாக மேற்கே கிள்ளானுக்கும் அதைத் தாண்டித் துறைமுகத்துக்கும் தண்டவாளம் போகிறது. அதைப் போட்டவர்கள், பராமரித்தவர்கள், நிலையங்களில் கணக்கு எழுதியவர்கள் ஆகியோரில் பெரும்பங்கு தமிழர்கள். தனியாக வருபவருக்கு யாருடைய நேரத்துக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆகவே அந்தப் பாதையை நிலையம் நிலையமாக இறங்கிப் பார்ப்பதே கோலாலம்பூர் அமைந்த கிள்ளான் பள்ளத்தாக்கை அறிவதற்குச் சிறந்த வழி.

வந்து சேரும் வழி காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி, ராஜூலா கப்பலின் மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்து, பினாங்கையும் இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமையும் அடைந்த தலைமுறை ஒன்று உண்டு. அதற்குப் பின் எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1980களின் நடுவில் கடல்வழிப் பயணம் முடிந்து, விமானம் மட்டும் என்றானது. 1998இல் சிப்பாங்கில் புதிய விமான நிலையம் திறக்கப்படும்வரை விமானங்கள் சுபாங்கில் இறங்கின. சிங்கப்பூரிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் தரைவழியாக வந்த முதுகுப்பைப் பயணிகளுக்கோ நகரத்தின் வாசல் புடுராயா பேருந்து நிலையம். 1976இல் திறந்த அந்தக் கட்டடத்தில் சீட்டு விற்கும் இடம் மேலே, பேருந்து நிற்கும் இடம் கீழே. படியில் இறங்கும்போதே புகையும் வெக்கையும் முகத்தில் அடிக்கும். "ஈப்போ, ஈப்போ", "ஜொகூர், ஜொகூர்" என்று ஆட்கள் கூவி அழைப்பார்கள். வெளியே வந்தால் நடக்கும் தூரத்தில் பெட்டாலிங் தெரு, மலிவான விடுதிகள், விடிய விடியத் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கடைகள். 2011இல் தெற்கு நோக்கிய பேருந்துகள் பண்டார் தாசிக் செலாத்தானிலுள்ள புதிய நிலையத்துக்கு மாறின. வெளிச்சமும் குளிர்ச்சியும் உள்ள அந்த நிலையத்தில் பயணம் சுலபம். ஆனால் இறங்கியதும் நகரத்துக்குள் விழுந்துவிட்ட உணர்வு புடுராயாவோடு போய்விட்டது.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவில் தங்கலாம் என்றானபின், திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் சிக்கன விமானங்களில் தனியாக வரும் இளைஞர்களைக் கோலாலம்பூரில் அடிக்கடி காண முடிகிறது. விமான நிலையத்திலிருந்து கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு விரைவு ரயில் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் வந்துவிடும். கையைக் கடிக்காத வழி பேருந்து. ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும், கட்டணமோ ரயில் கட்டணத்தில் ஒரு பகுதிதான். இரண்டும் வந்து நிற்கும் இடம் பிரிக்பீல்ட்ஸின் விளிம்பு. பல அடுக்குக் கட்டில் போட்ட விடுதிகள் பெட்டாலிங் தெருவை ஒட்டிய சைனாடவுனில் ஏராளம். ஆனால் தமிழ்ப் பயணி தங்குவதற்கு பிரிக்பீல்ட்ஸே பொருத்தமானது. பாடாங் பெலியா சாலையிலுள்ள ஒய்எம்சிஏ விடுதி நெடுங்காலமாகத் தனிப் பயணிகளுக்கு இடம் கொடுத்து வருவது.

பிரிக்பீல்ட்ஸ் பிறந்தது ஒரு தீயிலிருந்து. 1857இல் கிள்ளான் தலைவர் ராஜா அப்துல்லா கிள்ளான் ஆற்றின் வழியே அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளிகளோடு கோலாலம்பூரின் வரலாறு தொடங்குகிறது. ஈயம் தேடி வந்தவர்களின் குடியிருப்பு மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாக வளர்ந்தது. 1881இல் அதைத் தீ தின்றது, அதே ஆண்டில் வெள்ளமும் வந்தது. மறு ஆண்டு பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பதவியேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம் இனிச் செங்கல்லும் ஓடும் கொண்டுதான் கட்ட வேண்டும் என்றார். களிமண் நிறைந்த இந்தப் பகுதியில் செங்கல் சூளைகள் எழுந்தன. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு எதிர்க்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியதும் சூளைகளின் ஊர் ரயில்வேக்காரர்களின் ஊரானது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் தண்டவாளத்திலும் பட்டறையிலும் உழைத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த, ஆங்கிலம் படித்தவர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் அமர்ந்தார்கள். இரு சாராரும் தமிழ் பேசினாலும் கோயிலும் சங்கமும் பெண் கொடுத்து எடுப்பதும் நெடுநாள் வெவ்வேறாகவே இருந்தன.

அந்தக் காலத்தின் தடங்கள் இன்றும் நடந்துபோய்ப் பார்க்கும் தூரத்திலேயே உள்ளன. ஸ்காட் சாலையிலுள்ள ஸ்ரீ கந்தசுவாமி கோயில் 1902இல் இலங்கைத் தமிழர்கள் தொடங்கியது. கோயில் ஒழுங்கிலும் பூசை முறையிலும் யாழ்ப்பாணத்து வழக்கம் தெரியும். பெர்ஹாலா சாலையில் சிங்கள பௌத்தர்கள் 1894இல் அமைத்த சங்கத்திலிருந்து வளர்ந்த மகா விகாரை நிற்கிறது. விசாக நாளில் இங்கிருந்து கிளம்பும் ஊர்வலத்தில் நகரமே கலந்துகொள்ளும். அருகிலேயே தேவாலயங்களும் சீனக் கோயிலும் உண்டு. துன் சம்பந்தன் சாலையில், வாசலில் விவேகானந்தர் சிலையோடு நிற்கும் ஆசிரமம் 1904இல் நிறுவப்பட்டது. அந்த இடத்தில் அடுக்குமாடிக் கட்டடம் எழப்போகிறது என்ற செய்தி 2014இல் வந்தபோது மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். வெள்ளைச் சுவர் கொண்ட எளிய கட்டடத்தைக் காக்க அத்தனை பேர் வந்தது, இந்த வட்டாரத்துக்கு அது என்னவாக இருந்தது என்பதைச் சொல்லும்.

காப்பாற்ற முடியாமல் போனவையும் உண்டு. அரசு ஊழியர்களும் ரயில்வேக்காரர்களும் மூன்று தலைமுறையாக வாழ்ந்த 'நூறு குவார்ட்டர்ஸ்' வீட்டு வரிசை 2010களில் இடிக்கப்பட்டது. பழைய ரயில்வே நிலத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் எழுந்தது. அதைச் சுற்றி ஓட்டல்களும் அலுவலகக் கோபுரங்களும் முளைத்தன. 2003இல் தலைக்கு மேல் மோனோரயில் ஓடத் தொடங்கியது. 2010 அக்டோபரில், இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் கலந்துகொண்ட விழாவில் பிரிக்பீல்ட்ஸ் 'லிட்டில் இந்தியா'வாகத் திறந்து வைக்கப்பட்டது. வண்ண வளைவுகளும் யானைச் சிற்பங்களும் படம் எடுக்க அழகானவை. ஆனால் தீபாவளிக்கு முந்தைய வாரத்தைத் தவிர்த்த நாட்களில், துன் சம்பந்தன் சாலையின் வளைவுகளைவிட அதிலிருந்து பிரியும் தம்பிப்பிள்ளை சாலையும் அதன் சந்துகளும்தான் பிரிக்பீல்ட்ஸை உண்மையாகக் காட்டும். காலையில் பூ கட்டுபவர்கள், கிளி சோதிடர், மாலையில் வடைச் சட்டியும் பீசாங் கோரேங் (வாழைப்பழப் பஜ்ஜி) பொரிக்கும் எண்ணெய்ச் சட்டியும், அலுவலகம் விட்டு வந்து வரிசையில் நிற்கும் மூன்று இனத்தவர்கள் என அங்கே நாள் முழுவதும் ஆள் நடமாட்டம் ஓயாது.

நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் புடைத்த கோடுகள் ஓடுவதைப் புதியவர் கவனிப்பார். பார்வையற்றோருக்கான மலேசியச் சங்கம் இங்கே இயங்குகிறது. பயிற்சி பெற்ற பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையங்கள் தெருவுக்குத் தெரு உள்ளன. வெள்ளைக் கோலோடு தனியாகச் சாலை கடப்பவர்களை இந்த நகரத்தில் வேறெங்கும் இவ்வளவு பார்க்க முடியாது. கடைக்காரர்கள் வேலையை விட்டு எழுந்து வந்து கைபிடித்துவிடுவதும் இங்கே வழக்கமான காட்சி. நாள் முழுதும் நடந்து கால் வலித்த பயணி அங்கே ஒரு மணி நேரம் படுத்து எழுந்தால் மறுநாள் நடையும் எளிதாகும், கொடுத்த காசும் நேராக உழைத்தவரைச் சேரும்.

தனியாக வருபவருக்குச் சாப்பாட்டு வேளை பல ஊர்களில் சங்கடமானது. இங்கே அப்படி இல்லை. வாழை இலைக் கடையில் யாரோடும் மேசையைப் பகிர்ந்துகொள்ளலாம். சோறு, மூன்று காய், ரசம், அப்பளம், மோர் மிளகாய் என்று வைத்துக்கொண்டே போவார்கள். கறி, மீன் தனிக் கணக்கு. மமாக் கடைகள் இன்னும் எளிது. தமிழ் முஸ்லிம்கள் கட்டியெழுப்பிய இந்தக் கடைகளில் பல 24 மணி நேரமும் திறந்திருக்கும். ரொட்டி சானாயும் தே தாரிக் தேநீரும் சில ரிங்கிட்டுக்குள் முடியும். மலாய்க்காரரும் சீனரும்கூட அங்கே பரிமாறுபவரை "அனே" என்று அழைப்பதைக் கேட்கும் தமிழ்ப் பயணிக்கு, அண்ணன் என்ற முறை எல்லை தாண்டி எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது புரியும்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து நகர மையத்துக்கு நடந்தே போகலாம். போகும் வழியில் 1910இல் கட்டிய பழைய ரயில் நிலையம் வருகிறது. குவிமாடங்களும் வளைவுகளும் கொண்ட அதை வடிவமைத்த ஆர்தர் ஹப்பேக்தான் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் 1909இல் ஜாமிக் பள்ளிவாசலையும் கட்டியவர். நகரம் பிறந்த இடமே அந்தக் கூடல். 1873இல் தோன்றிய ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் துன் எச்.எஸ். லீ சாலையில் உள்ளது. இன்றைய ஐந்து நிலைக் கோபுரம் 1968இல் எழுந்தது. லெபோ அம்பாங்கில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. சுரங்கம் தோண்டவும் ரப்பர் நடவும் இங்கிருந்து கடன் போனது. 451.9 மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்தை இரவில் பூங்காவிலிருந்து பார்த்தால் போதும், மேலே ஏறும் செலவை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். பிற்பகலில் அநேகமாக மழை கொட்டும் என்பதால் நடையைக் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. மோட்டார் சைக்கிளில் வந்து பையைப் பறிப்பவர்கள் உண்டு. ஆகவே பையைச் சாலைப் பக்கமாக இல்லாமல் கடைப் பக்கமாகத் தொங்கவிட வேண்டும் என்பதை உள்ளூர்க்காரர்களே முதலில் சொல்லிக் கொடுப்பார்கள்.

பத்துமலைக்கு 2010 முதல் ரயில் போகிறது. தைப்பூசத்தன்று அந்த ரயிலில் ஏறுவது ஒரு பயணம், சாதாரண நாளில் ஏறுவது முற்றிலும் வேறு பயணம். இரண்டும் வேண்டும் என்பவர்கள் தை மாதத்தைக் கணக்கில் வைத்து வரலாம். சுண்ணாம்புக் குன்றின் வாசல் வேல் வடிவில் தெரிந்ததால் அங்கே முருகனை நிறுவியவர் கா. தம்புசாமி பிள்ளை என்பது வழக்கு. அவர் 1850இல் சிங்கப்பூரில் பிறந்தவர். சிலாங்கூரின் முதல் ரெசிடெண்டான டேவிட்சனோடு எழுத்தராக வந்து, அரசுக் கருவூலத்தில் பணியாற்றி, பிறகு ஈயச் சுரங்கத்தில் செல்வம் சேர்த்து, மாரியம்மன் கோயிலையும் வளர்த்தவர். 1892 முதல் பத்துமலையில் தைப்பூசம் நடக்கிறது. தைப்பூசத்தையொட்டி இரவில் மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளிரதம் கிளம்பி, சுமார் 15 கிலோமீட்டரை மக்களோடு மெல்ல நகர்ந்து கடக்கும். தனியாக வந்த பயணி எவரும் அந்த இரவில் தனியாக இருக்க முடியாது. வழி நெடுகத் தண்ணீர்ப்பந்தல் வைத்திருப்பவர்கள் மோரையும் சோற்றையும் கையில் திணித்து, "சாப்பிட்டுட்டுப் போங்க" என்பார்கள். தொலைந்துபோன ஊர்த் திருவிழாவை இவ்வளவு தூரத்தில், இவ்வளவு பெரிதாக வைத்துக் காத்திருக்கிறார்களே என்று தமிழ்நாட்டுப் பயணி நெகிழ்ந்து நிற்கும் இடம் இது.

சாதாரண நாளில் காலை 7 மணிக்கு முன்பே போய்விட்டால் 272 படிகளும் குளிர்ச்சியாக இருக்கும். 2018இல் அவற்றுக்குப் பல வண்ணம் பூசியபின் உலகம் முழுதும் படம் பரவி, கூட்டமும் பெருகிவிட்டது. அடிவாரத்தில் 2006இல் திறந்துவைத்த 42.7 மீட்டர் உயர முருகன் சிலை. படியில் குரங்குகள் பையைக் கிளறும், கையில் தின்பண்டம் வைத்திருக்கக் கூடாது. அரைக்கால் சட்டை அணிந்து வரும் பெண்களுக்கு இடுப்பில் கட்டத் துணி வாடகைக்குக் கிடைக்கும். திரும்பும் வழியில் செந்தூலில் இறங்குவோர் குறைவு. ரயில்வே பட்டறையால் வளர்ந்த இன்னொரு தமிழ்க் குடியிருப்பு அது.

கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்கு கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, ஷா ஆலாம் எனப் பின்னால் போகும் நகரங்கள் எல்லாம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள். தொழிலாளர்களின் லயன் வீடுகளும் பால் மரங்களும் இருந்த இடத்தில் இன்று நெடுஞ்சாலைகளும் பேரங்காடிகளும் நிற்கின்றன. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் துன் வீ. தி. சம்பந்தன். பிரிக்பீல்ட்ஸின் பெரிய சாலைக்கு அவர் பெயர் வைத்ததன் நியாயத்தை இந்த ரயில் பயணத்தில் உணரலாம்.

கிள்ளான் அரச நகரம். 1880இல் சிலாங்கூரின் தலைநகர் கோலாலம்பூருக்கு மாறுவதற்கு முன் ஆட்சி இங்கிருந்து நடந்தது. 2024 பிப்ரவரியில் மாநகராக உயர்த்தப்பட்டது. நிலையத்தை விட்டு வெளியே வந்து சில நிமிடம் நடந்தால் தெங்கு கிளானா சாலை. பிரிக்பீல்ட்ஸைவிட நெருக்கமான, விலை மலிவான, அலங்காரம் குறைந்த லிட்டில் இந்தியா இதுதான். புடவை, பாத்திரம், மளிகை, பூ, தங்கம் எல்லாம் ஒரே தெருவில் அடங்கும். வார இறுதியில் சுற்றுவட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே சாமான் வாங்க வருகிறார்கள். நூறாண்டு கடந்த ஸ்ரீ சுந்தரராஜ பெருமாள் கோயிலில் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நிற்க இடம் இருக்காது. ராஜா அப்துல்லா ஈயம் சேமித்த 1857ஆம் ஆண்டுக் கிடங்கும், 1930களில் கட்டிய சுல்தான் சுலைமான் பள்ளிவாசலும், 1961இல் திறந்த இரண்டடுக்குக் கோத்தா பாலமும் நடந்துபோகும் தூரத்தில் உள்ளன. பாலத்தின் மேல்தளம் வாகனங்களுக்கு, கீழ்த்தளம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று அமைத்தது.

சைக்கிள் என்றால் கிள்ளானில் நினைவுக்கு வர வேண்டிய வரலாறு ஒன்று இருக்கிறது. 1941இல் இந்த வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளி, மருத்துவம், கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது ஆகியவற்றோடு, தோட்டத் துரைமாரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் அவர்களின் கோரிக்கை. தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் அவர்களை ஒன்றுசேர்த்தார். மே மாதம் அவர் கைதானதும் போராட்டம் சிலாங்கூர் முழுதும் பரவியது. பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். கூலிக்காக நடந்த போராட்டம் என்று மட்டும் இதைச் சுருக்குவது தவறு. நிமிர்ந்து சைக்கிள் ஓட்டிப் போகும் உரிமையை அதில் கேட்டார்கள். சுற்றுலாக் கையேடுகள் கிள்ளானைப் பற்றி எழுதும்போது பாக் குட் தே என்ற சீன உணவைத் தவறாமல் குறிப்பிடுகின்றன, இந்த ஐவரைக் குறிப்பிடுவதில்லை. தமிழில் எழுதுபவர்களாவது குறிப்பிட வேண்டும்.

ரயில் பாதை கிள்ளான் துறைமுகத்தில் முடிகிறது. 1901இல் திறந்து, 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரோடு இருந்த இடம். தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிவந்த கப்பல்கள் இங்கே நின்றன. நிலையத்துக்கு அருகிலுள்ள படகுத் துறையிலிருந்து கேத்தாம் தீவுக்குப் படகு புறப்படும். கண்டல் காட்டுக்கு நடுவே தூண்களின்மேல் எழுந்த சீன மீனவர் ஊர் அது. அங்கே கார் கிடையாது, சைக்கிளிலும் மின் சைக்கிளிலும்தான் போக்குவரத்து. ஒரு பிற்பகலில் ஊரைச் சுற்றி வந்து, நண்டும் மீனும் சாப்பிட்டுத் திரும்பலாம். கடைசிப் படகு மாலையிலேயே கிளம்பிவிடும் என்பதால் இறங்கியவுடன் அதன் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தவறவிட்டாலும் தங்கச் சிறு விடுதிகள் தீவிலேயே உண்டு.